ஸ்டீராய்டு நாட்களில் பிள்ளையின் கோபம்

ரத்தப் புற்றுநோய் சிகிச்சையின் முதல் நாலு வாரம் பெரும்பாலும் பிரெட்னிசலோனோ டெக்ஸாமெத்தசோனோ என்ற ஸ்டீராய்டு மருந்து தினமும் உண்டு. அடுத்து வரும் பராமரிப்புக் கட்டத்தில் பலருக்கு மாதம் 5 நாள். தொடங்கிய சில நாளிலேயே பிள்ளை வேறு ஆளாகிவிடும்: தொட்டதற்கெல்லாம் அழுகை, தம்பியை அடிப்பது, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வது. "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டீங்க" என்று யார் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள். இது மருந்தின் வேலை.

பாதிக் கோபம் பசிதான். ராத்திரி 2 மணிக்கு எழுந்து சோறு கேட்கும். நம் தர்மபுரிப் பக்கத்துக் கேழ்வரகுக் களி இங்கே கைகொடுக்கும். படுக்குமுன் சூடாக ஓர் உருண்டை, கீரைக் கடைசலோடு, வயிறு தாங்கும். அவ்வப்போது கிண்டியதாக இருக்கட்டும், எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்புக்குப் பழையது ஆகாது. ஊறுகாய், சிப்ஸ் உப்பு உடம்பில் நீரைக் கட்டும், ரத்த அழுத்தத்தையும் ஏற்றும்.

மாத்திரையைச் சாப்பாட்டோடு கொடுங்கள். தூக்கம் கெட்டால், கடைசி வேளையை மாலை 4 மணிக்குள் முடிக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்தவே கூடாது: உடம்பு தானாகச் சுரக்கும் கார்டிசோல் என்ற ஹார்மோன் அடங்கிப்போயிருக்கும், திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

100.4 டிகிரி காய்ச்சல், அடங்காத தாகம், இல்லாததைப் பார்ப்பது, "செத்துப்போறேன்" என்ற பேச்சு: இவற்றில் எது வந்தாலும் உடனே வார்டுக்கு போன் செய்யுங்கள். சேலம், பெங்களூரு என்று தூரம் போய் வைத்தியம் பார்ப்பவர்கள் அந்த எண்ணைச் சுவரிலேயே எழுதி வையுங்கள்.