பாஸ்புக்கைக் கேட்டேன்

பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு நான் தலைவரானதில் என் திறமைக்குப் பங்கு எதுவும் இல்லை. தலைவர் பெண்ணாக இருக்கணும், அந்தப் பள்ளியிலேயே படிக்கும் பிள்ளையின் பெற்றோராக இருக்கணும் என்று 2022இல் சொன்னார்கள். அன்றைக்கு வந்திருந்த அம்மாக்களில் பிளஸ் டூ முடித்தவள் நான் ஒருத்திதான். "நீங்கதாம்மா" என்றார் தலைமை ஆசிரியர். எல்லாரும் கை தூக்கினார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா என் கையையும் சேர்த்துத் தூக்கிவிட்டார்.

திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு கிராமம். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி, பிள்ளைகள் 112 பேர். வீட்டில் நான் தையல் வேலை பார்க்கிறேன், பெரும்பாலும் பிளவுஸ். அந்த வருஷம் மார்ச் 20ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மாநிலம் முழுக்கப் பெற்றோர் கூட்டம் நடந்ததே, அங்கேதான் இந்தக் குழுவைப் பற்றி முதன்முதலில் கேள்விப்பட்டேன். சில மாதம் கழித்துக் குழு அமைத்தார்கள். மொத்தம் 20 பேர், அதில் 15 பேர் பெற்றோர். மீதி ஐந்து பேர் தலைமை ஆசிரியர், ஓர் ஆசிரியர், வார்டு உறுப்பினர்கள் இருவர், கல்வியில் ஆர்வமுள்ளவர் ஒருவர்.

பெற்றோர் ஆசிரியர் கழகம் என்று ஒன்று எங்கள் பள்ளியில் ஏற்கெனவே உண்டு. அதன் தலைவருடைய பேரனே கல்லூரிக்குப் போய்விட்டான், அவர் இன்னும் தலைவர். இரண்டும் ஒன்றுதான் என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது சங்கம் மாதிரி. இது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் 21ஆம் பிரிவில் இருக்கிற குழு. முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்கணும், பாதிப் பேர் பெண்களாக இருக்கணும் என்பது சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. பள்ளிக்கு வருகிற மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது அந்தக் குழுவின் வேலை என்பதும் அதே பிரிவில்தான் வருகிறது. (அரசு உதவிபெறும் பள்ளிகளில் இதே குழு ஆலோசனை சொல்லலாம், அவ்வளவுதான். 2012இல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். என் நாத்தனார் பிள்ளைகள் படிப்பது அப்படி ஒரு பள்ளி. அவர் என்னிடம் யோசனை கேட்டபோதுதான் இது எனக்கே தெரிந்தது.)

முதல் ஏழெட்டு மாதம் நான் செய்தது கையெழுத்துப் போட்டது மட்டும்தான். வெள்ளிக்கிழமை மாலை மூன்று மணிக்குக் கூட்டம். அது தையல் துணி கொடுக்கவும் வாங்கவும் ஆட்கள் வருகிற நேரம். போவேன், டீ குடிப்பேன், தீர்மானப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவேன். பணம் பட்டுவாடா செய்யும் தாளில் தலைமை ஆசிரியர் கையெழுத்தோடு என் கையெழுத்தும் வேண்டும். அதை எட்டாவது படிக்கும் பையன் யாராவது வீட்டுக்கே கொண்டுவருவான். ஒருநாள் மூன்று தாள் கொண்டுவந்தான். மிஷினிலிருந்து காலைக்கூட எடுக்காமல் மூன்றிலும் போட்டேன். இதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் சொன்னால் நான் பெரிய வீராங்கனை மாதிரித் தெரிவேன். அதனால்தான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஜனவரியில் வட்டார வள மையத்தில் தலைவர்களுக்கு ஒருநாள் பயிற்சி. வந்திருந்த ஆசிரியர் பயிற்றுநர் கரும்பலகையில் மானியக் கணக்கை எழுதிப் போட்டார். 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு வருஷத்துக்கு 10 ஆயிரம், 100 வரை 25 ஆயிரம், 250 வரை 50 ஆயிரம், ஆயிரம் வரை 75 ஆயிரம், அதற்கு மேல் ஒரு லட்சம். அதில் பத்தில் ஒரு பங்கையாவது கழிப்பறை, சுகாதார வேலைக்குச் செலவு செய்யணும். அளவு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் இதைக் குறித்துக்கொண்டேன். எங்கள் பள்ளிக்கு 50 ஆயிரம். அப்படியொரு தொகை எங்கள் கணக்கில் வந்து போயிருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

சாயங்காலம் என் மகள் பள்ளி விட்டு வந்தாள். ஆறாம் வகுப்பு. பையை வீசிவிட்டு நேராகக் கழிப்பறைக்கு ஓடினாள். தினமும் இப்படித்தான் ஓடுவாள், நான்தான் கவனித்ததில்லை. "ஸ்கூல்ல போக மாட்டியா?" என்றேன். "தண்ணி வராதும்மா, யாருமே போக மாட்டோம்" என்றாள். இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் கழிப்பறைத் தண்ணீர்க் குழாய் பழுதுபார்க்க 6,800 ரூபாய் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்ட ஞாபகம்.

மறுநாள் தலைமை ஆசிரியரைப் பார்த்தேன். பாஸ்புக்கைக் கொஞ்சம் காட்டுங்க சார் என்றேன். "அதெல்லாம் பீரோவுல இருக்கும்மா. ஆடிட்ல பாத்துக்குவாங்க, நீங்க ஏன் டென்ஷனாகுறீங்க?" என்றார். கோபமாகவெல்லாம் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புக்கு எப்படிப் பதில் பேசுவது என்று தெரியாமல் திரும்பி வந்துவிட்டேன்.

துணைத் தலைவர் எங்கள் தெருக்காரர், லோடு ஆட்டோ ஓட்டுகிறார். "அந்தக் கணக்குல உன் கையெழுத்தும் இருக்குல்ல? அப்ப பேங்குல போய்க் கேக்க வேண்டியதுதான" என்றார். இவ்வளவு சாதாரண விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. வங்கியில் கவுன்ட்டரில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டரில் இருந்த மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்டார். பிறகு ஒரு பக்கம் அச்செடுத்துக் கொடுத்தார். ஐந்து பட்டுவாடா, மொத்தம் 40,900 ரூபாய்.

அடுத்த கூட்டத்தில் எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் தீர்மானப் பதிவேட்டை எடுத்து அந்தத் தாளோடு வைத்துப் பார்த்தேன். நான்குக்குத் தீர்மானம் இருந்தது. 3,200 ரூபாய்க்கு எதுவும் இல்லை. அந்த 6,800க்கு இருந்த தீர்மானம் வேறு மையில், கடைசி வரிக்கும் எங்கள் கையெழுத்துகளுக்கும் நடுவில் விட்டிருந்த இடத்தில் நெருக்கி நெருக்கி எழுதப்பட்டிருந்தது. அந்தப் பக்கத்தின் அடியில் நான்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நான் போட்டபோது அந்த வரிகள் இல்லை. இல்லை என்று எதை வைத்துச் சொல்வேன்?

ரசீதுகளைக் காட்டச் சொன்னேன். எழுதிக் கொடுங்கள் என்றார் தலைமை ஆசிரியர். எழுதிக் கொடுத்தேன். மூன்று வாரமாகப் பதில் இல்லை. அப்புறம்தான் தகவல் அறியும் உரிமைச் சட்டம். துணைத் தலைவரின் மச்சான் ஒருவர் இதில் அனுபவப்பட்டவர். நான் முதலில் எழுதிக்கொண்டு போன மனுவை அவர் கிழித்தே போட்டுவிட்டார். அதில் "ஏன் தண்ணீர் வரவில்லை? ஏன் செலவைச் சொல்லவில்லை?" என்று எழுதியிருந்தேன். "ஏன்னு கேட்டா ஒரு வரியில தட்டிக் கழிச்சுருவாங்க. எந்தக் காகிதம் வேணும்னு கேளு தங்கச்சி" என்றார். அதனால் ஐந்து பட்டுவாடாக்களுக்கும் உரிய ரசீது நகல், வாங்கிய பொருள்களைக் குறித்துவைக்கும் இருப்புப் பதிவேட்டில் அந்த மாதங்களுக்கான பக்கங்கள், ஆவணங்களை நேரில் பார்க்க அனுமதி என மூன்று மட்டும் கேட்டேன். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, வட்டாரக் கல்வி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். மனு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்த தேதியிலிருந்துதான் 30 நாள் கணக்கு ஓடும், அந்தத் தேதிக்குச் சாட்சி திரும்பி வரும் அட்டைதான், அதைத் தொலைத்துவிடாதே என்று மச்சான் இரண்டு தடவை சொன்னார். சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன்.

தகவல் வேறு இடத்தில் இருந்தால் மனுவை அங்கே அனுப்பச் சொல்லும் 6(3) பிரிவைக் காட்டி, அலுவலகம் அதை எங்கள் பள்ளிக்கே அனுப்பிவிட்டது. பள்ளியிலிருந்து 27ஆம் நாள் பதில் வந்தது. "மனுதாரரே குழுவின் தலைவர் என்பதால் கோரும் ஆவணங்கள் அவர் பொறுப்பிலேயே உள்ளன." என்னிடம் இருப்பதை நானே எடுத்துக்கொள்ளலாம், பீரோ சாவி மட்டும் அவரிடம் இருக்கும்! முதலில் சிரிப்புத்தான் வந்தது, ராத்திரி அழுகை வந்தது. அதற்குள் ஊரில் பேச்சு கிளம்பியிருந்தது. பெட்டிஷன் போட்டால் பள்ளியை மூடிவிடுவார்கள் என்றார் ஒருவர். அவளுக்குக் கமிஷன் வரவில்லை, அதான் என்றார் இன்னொருவர். மூன்று பேர் தைக்கக் கொடுத்திருந்த துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒப்புகை அட்டை எங்கே என்று அவராகவே கேட்டார், அது போதும் எனக்கு.

பதில் கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யணும், 19(1) பிரிவு. இதற்குக் கட்டணம் கிடையாது. நான் அதில் புதிதாக எதுவும் எழுதவில்லை. அவர்கள் அனுப்பிய பதிலின் நகலை இணைத்து, "ஆவணங்கள் என் பொறுப்பில் இருப்பதாக எழுத்தில் தெரிவித்துள்ளதால், அவற்றைப் பார்வையிட நாளும் நேரமும் குறித்துத் தரவும்" என்று மட்டும் கேட்டேன். அவர்கள் எழுதிய வரியே எனக்குக் கைகொடுத்தது. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஒரு புதன்கிழமை, காலை 11 மணிக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது.

துணைத் தலைவரோடு போனேன். பீரோவைத் திறந்து கோப்பை எடுத்து வைத்துவிட்டு, தலைமை ஆசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். 6,800க்கு ஹார்டுவேர் கடை ரசீது இருந்தது, பி.வி.சி. குழாய், குழாய்த் திருகு எட்டு. இருப்புப் பதிவேட்டில் அந்த எட்டும் வரவே இல்லை. "இது எங்கே சார்?" என்று கேட்டேன். வெகுநேரம் பேசாமல் இருந்தவர், கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

பள்ளியைக் கூட்டுகிற, கழிப்பறை கழுவுகிற அம்மாவுக்கு மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை. அவருக்குக் கொடுப்பதே சொற்பம், அதுவும் நேரத்துக்கு வராது. நின்றுவிடுகிறேன் என்று அந்த அம்மா சொல்லியிருக்கிறார். மானியப் பணத்திலிருந்து அவருக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லை. அதனால் கடைக்காரர் கணக்குக்குப் பணத்தை அனுப்பி, ரசீது வாங்கி, ரொக்கமாகத் திரும்பப் பெற்று அந்த அம்மாவுக்குக் கொடுத்திருக்கிறார். "என் பாக்கெட்டுல ஒரு பைசா போகலம்மா" என்றார். நம்பினேன். அன்றைக்கே அந்த அம்மாவிடமும் கேட்டேன், வாங்கினேன் என்று சொன்னார்.

இவ்வளவு நாள் கெட்டவர் ஒருவரைத்தான் பிடிக்கப் போகிறேன் என்று நினைத்திருந்தேன். எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. அவர் திருடவில்லை என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் குழாய் வாங்கியாச்சு என்று காகிதம் சொன்னதால், குழாய் வேண்டும் என்று யாருமே கேட்க முடியாமல் போயிற்று. அந்த அம்மாவுக்குச் சம்பளம் வராததும் எங்கேயும் பதிவாகவில்லை. இதைக் கூட்டத்தில் சொல்லியிருந்தால் 15 பெற்றோரும் ஆளுக்கு 50 ரூபாய் போட்டிருப்போம், அல்லது ஒன்றிய அலுவலகத்துக்கு நடந்திருப்போம். அவருக்கு எங்களைக் கேட்கத் தோன்றவில்லை. எங்களைக் கேட்காமல் 30 வருஷம் வேலை பார்த்துப் பழகியவர்.

ஜூலைக் கூட்டத்தில் அவரே எல்லாவற்றையும் சொன்னார். நான் சொல்வதைவிட அதுதான் நல்லது என்று துணைத் தலைவர் ஏற்பாடு செய்தது. 13 பேர் வந்திருந்தார்கள். பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. அன்றைக்குப் போட்ட தீர்மானங்களில் மூன்று இன்னும் நடைமுறையில் இருக்கின்றன. வரவு, செலவு, கடை பெயர் மூன்றும் அலுவலக அறைக்கு வெளியே பலகையில் எழுதப்படும். ஒரு பொருள் வாங்கினால் இரண்டு பெற்றோர் பார்த்து இருப்புப் பதிவேட்டில் கையெழுத்துப் போடணும். தீர்மானப் பதிவேட்டில் கடைசி வரிக்குக் கீழே குறுக்குக் கோடு இழுத்த பிறகுதான் மற்றவர்கள் கையெழுத்து. செல்போன் செயலியிலும் தீர்மானத்தைப் பதிவேற்றுகிறோம், ஆனால் ஊர்க்காரர்கள் நின்று படிப்பது பலகையைத்தான். சுண்ணாம்புக்கட்டியால் எழுதியதை ஒருமுறை பையன்கள் அழித்து விளையாடிவிட்டார்கள், அதனால் இப்போது பெயின்ட்.

துப்புரவு அம்மாவின் சம்பளத்தையும் தண்ணீர் இணைப்பையும் ஆகஸ்ட் 15 கிராம சபையில் கொண்டுபோய் வைத்தோம். பள்ளிக் கோரிக்கை என்றால் வழக்கமாகத் தலைமை ஆசிரியர் ஒரு மனு கொடுப்பார், ஊராட்சித் தலைவர் சரி என்பார், அத்தோடு முடியும். இந்தமுறை ஒன்பது அம்மாக்கள் போய் முன்வரிசையில் உட்கார்ந்தோம். தீர்மானம் எழுதி வாசித்துக் காட்டும்வரை எழுந்திருக்கவில்லை. ஊராட்சித் தலைவருக்கு எரிச்சல், முகத்திலேயே தெரிந்தது. சம்பளப் பாக்கி அக்டோபரில் வந்தது. தண்ணீர் இணைப்பு டிசம்பரில் கிடைத்தது, இடையில் மோட்டார் இரண்டுமுறை எரிந்துபோனது. இப்போது என் மகள் ஓடி வருவதில்லை.

2024 ஆகஸ்டில் குழுவை மறுபடி அமைத்தார்கள். இந்தமுறை 24 பேர், முன்னாள் மாணவர்களும் உண்டு. நான் போட்டியிடவில்லை, தையல் பாக்கி ஏகப்பட்டது. புதிய தலைவர் பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர், என்னைவிடக் கணக்கில் கெட்டி. அவர் வந்த நேரம், பள்ளி மானியம் வருகிற சமக்ர சிக்‌ஷா திட்டத்தில் தமிழ்நாட்டுக்குத் தர வேண்டிய நிதியை ஒன்றிய அரசு நிறுத்திவைத்துவிட்டது. கணக்குக் கேட்கப் பழகி முடித்தபோது கணக்கில் பணத்தையே காணோம் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டோம்.

பொறுப்பு ஒப்படைக்கும்போது ஒரு பட்டியல் எழுதினேன். பதிவேடு 2, ரசீதுக் கோப்பு 1, வங்கி அச்சுப்பிரதி 4 பக்கம். கடைசியாக, 3,200 ரூபாய், தீர்மானமும் இல்லை, ரசீதும் இல்லை என்று எழுதினேன். அது எதற்குப் போனது என்று தலைமை ஆசிரியருக்கே ஞாபகம் இல்லை. எங்கே தேடியும் காகிதம் கிடைக்கவில்லை. தாளில் என் கையெழுத்து மட்டும் அழகாக இருக்கிறது. புதிய தலைவர் பட்டியலை இரண்டுமுறை படித்தார். அந்த வரிக்குப் பக்கத்தில் "பார்க்கவில்லை" என்று எழுதி, கீழே குறுக்குக் கோடு இழுத்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.