பக்தி வேறு, அடிப்படைவாதம் வேறு

ஆழ்ந்த இறைநம்பிக்கை கொண்ட ஒருவரை மத அடிப்படைவாதி என்று அழைப்பதைப் பெரும் அநீதியாகவே நான் கருதுகிறேன். நாள் தவறாமல் வழிபடுவதும் நோன்பிருப்பதும் பக்தி. தான் ஏற்ற விளக்கம் ஒன்றே புனித நூலின் பொருள் என்றும், அது சட்டமாகவும் பாடத்திட்டமாகவும் எல்லோர் மீதும் சுமத்தப்பட வேண்டும் என்றும் வலியுறுத்துவதே அடிப்படைவாதம்.

இதைப் பழமையின் எச்சம் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் இது நவீன காலத்தில் பிறந்தது. விவிலியத்தை வரலாற்று நோக்கில் ஆராயும் போக்கை எதிர்த்து, அமெரிக்கப் புராட்டஸ்டன்ட் கிறித்தவர்களில் ஒரு பிரிவினர் 1910 முதல் 1915 வரை 12 தொகுதிகளாகக் கட்டுரைகளை வெளியிட்டனர். எண்ணெய்த் தொழிலதிபர் ஒருவரின் பணத்தில் அவை இலவசமாக அனுப்பப்பட்டன. 1920இல் கர்ட்டிஸ் லீ லாஸ் என்ற, பாப்டிஸ்ட் எனும் புராட்டஸ்டன்ட் பிரிவைச் சேர்ந்த இதழாசிரியர் அவ்வழி நின்றவர்களுக்கு ‘அடிப்படைவாதிகள்’ (Fundamentalists) என்ற பெயரைச் சூட்ட, அவர்கள் அதைப் பெருமிதத்துடனே ஏற்றுக்கொண்டனர். ஐந்தே ஆண்டுகளில், டென்னசி மாநிலத்தின் டேட்டன் நகரில், மாநிலச் சட்டம் தடைசெய்திருந்த பரிணாமக் கொள்கையைக் கற்பித்ததாக ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். ஈரானியப் புரட்சி நிகழ்ந்த 1979க்குப் பிறகு இச்சொல் பிற மதங்களுக்கும் பரவலாகப் பொருத்தப்பட்டது.

மரபோ இவ்வளவு குறுகியதன்று. சங்கரர், இராமானுசர், மத்துவர் மூவரும் வேதாந்தத்தின் மூல நூல்களுள் ஒன்றான ஒரே பிரம்ம சூத்திரத்துக்கு முற்றிலும் வேறுபட்ட உரைகளை எழுதினர்; சுன்னி இசுலாமின் நான்கு சட்ட மரபுகளும் ஒன்றையொன்று ஏற்று நிற்கின்றன. இந்தப் பன்மையை அடிப்படைவாதத்தால் தாங்க இயலாது என்பதால்தான், நாத்திகரைவிட மாற்று விளக்கம் சொல்லும் சொந்த மதத்து அறிஞர்மீதே அதன் சினம் பல வேளைகளில் முதலில் பாய்கிறது.