தாங்க ஆள் இருக்கிறார்களா?

மிஷனெரிகளைத் தெரிந்தெடுக்கும் அறையில் அழைப்பு, சாட்சி எல்லாம் விசாரித்து முடித்தபின் கடைசியாக வரும் கேள்வி இது: மாதாமாதம் காணிக்கை கொடுத்து இவரைத் தாங்க ஆட்கள் உண்டா? சிலர் உடனே பட்டியலை நீட்டுவார்கள். கூலிவேலைக் குடும்பத்திலிருந்து வருபவரின் பதில்தான் மனதை அறுக்கிறது: "ஜெபிக்க நிறையப் பேர் இருக்காங்க ஐயா. பணம்னா..." அதற்குமேல் பேச்சு வராது. "முழுத் தொகைக்கும் ஆள் சேரட்டும், அப்புறம் அனுப்புவோம்" என்று முடிவாகும்.

விதியில் நியாயம் இருக்கிறது. வாக்களித்த மாதக் காணிக்கையில் ஒரு பங்கு எப்படியும் நின்றுபோகும். குறைவோடு போனவர் வாடகை, பிள்ளைகளின் ஃபீஸ் என்று முதல் வருஷமே கடனில் விழுவார். ஆனால் ஐந்து பேர் பெரிய தொகை கொடுப்பதும் நூறு பேர் சிறு தொகை கொடுப்பதும் ஒன்றல்ல. நூறு பேருக்கு நூறு கடிதம், நூறு ரசீது, விடுமுறை முழுக்கச் சபை சபையாக அலைச்சல். தொகை சேர்ந்தால் கர்த்தர் வழி திறந்தார் என்று சாட்சி சொல்கிறோம். சேராதவருக்கு அவர் வழியை அடைத்தார் என்று எந்த வாயால் சொல்வது?

பணித்தளத்தில் இது இன்னும் மோசமாகும். இருவருக்கும் வேலை ஒன்று, வரவு மட்டும் ஆளுக்கொரு அளவு. குழந்தைக்குக் காய்ச்சல் என்று வரவு குறைந்தவர் மற்றவரிடம் கைமாற்று வாங்குகிறார். அதன்பிறகு ஊழியர் கூட்டத்தில் அவரை எதிர்த்து இவர் வாய் திறப்பதில்லை. "அமைதியானவர், பொறுப்புக்கு ஏற்றவர் அல்ல" என்று தலைமைக்கு அறிக்கை போகிறது.

காணிக்கையை எல்லாம் பொது நிதியில் சேர்த்துப் பகிரலாமே என்ற யோசனை புதிதல்ல. செருப்புத் தைத்த வில்லியம் கேரி, நெசவாளியின் மகன் மார்ஷ்மன், அச்சுத் தொழிலாளி வார்ட் என்ற மிஷனெரிகள் மூவரும் வங்காளத்தின் செராம்பூரில் சம்பாதித்ததைப் பொதுவில் போட்டார்கள். 1805 உடன்படிக்கையில் அதை எழுதியும் வைத்தார்கள். சொத்தும் அதிகாரமும் யாருடையது என்ற தகராறில் 1827இல் செராம்பூர் மிஷன், தன்னை அனுப்பிய இங்கிலாந்துத் தாய்ச் சங்கத்தைவிட்டுப் பிரியவும் நேர்ந்தது. இன்றைய சிக்கல் வேறு: கொடுப்பவர் முகம் பார்த்துக் கொடுக்கிறார். பெயரும் போட்டோவும் இல்லாத நிதிக்குக் காணிக்கை குறையும். ஒருவருக்கு வரும் காணிக்கைக்கு உச்சவரம்பு வைத்தால், மிச்சம் பிறந்தநாள் அன்பளிப்பாகத் தனிக் கணக்குக்குப் போய்விடும்.

முதல் இரண்டு வருஷம் பாதித் தொகையைப் பொது நிதி ஏற்கட்டும் என்பது என் கருத்து. மூன்றாம் வருஷம் என்ன செய்வார் என்று கேட்கிறார்கள். எனக்கும் தெரியவில்லை. ஆனால் டாக்டர் வீட்டுப் பிள்ளையிடம் மூன்றாம் வருஷத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை.