கடலம்மாவின் வாசலில்

சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் நடந்தால் இரண்டு பக்கமும் உயரமான அலுவலகக் கட்டடங்கள். நடுவே, வளைந்த ஓட்டுக் கூரையோடு தியான் ஹொக் கெங் கோயில். 1839இல் தொடங்கி 1842இல் கட்டி முடித்தார்கள். அன்றைக்குக் கடல் இந்தத் தெரு வரைக்கும் இருந்தது. தூர்த்து நிலமாக்கியதெல்லாம் அப்புறம்தான். சீனாவின் ஃபூஜியன் பகுதியிலிருந்து பாய்மரக் கப்பலில் வந்து இறங்கிய ஹொக்கியன் மக்கள், உயிரோடு கரை சேர்த்ததற்குக் கடல் தெய்வமான மாஜூ அம்மனுக்கு நன்றி சொன்ன இடம் இது.

வாசற்படி முழங்காலை நெருங்கும் உயரம். மிதிக்காமல் தாண்டித்தான் போக வேண்டும். எங்கள் பாட்டியும் படியை மிதிக்க விடமாட்டார், அதனால் கால் தானாகவே தூக்கிக்கொண்டது. கதவுகளில் காவல் தெய்வங்களை வண்ணத்தில் தீட்டியிருக்கிறார்கள். நம் துவாரபாலகர்கள்தான், உடை மட்டும் வேறு.

படம் எடுக்க வருபவர்கள் முதலில் அண்ணாந்து பார்க்க வேண்டும். ஆணியே அடிக்காமல் மரத்தோடு மரம் கோத்த கூரை. உத்தரங்களைத் தாங்கும் சிற்பங்களில் இந்திய முகச்சாயல் கொண்டவர்களும் உண்டு. அந்த மூலைக்காக மட்டுமே பத்துப் படமாவது எடுத்திருப்பேன். ஊதுவத்திப் புகை விலகுவதற்காகக் காத்திருந்து, காத்திருந்து எடுத்தேன்.

மாஜூ சன்னிதியில் ஒரு பாட்டி. கையில் பிறை வடிவத்தில் இரண்டு சிவப்பு மரத்துண்டுகள். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. ஏதோ முணுமுணுத்துத் தரையில் போட்டார். 'டக்' என்று விழுந்து உருண்டன. ஒன்றின் தட்டைப் பக்கமும் மற்றதன் உருண்டைப் பக்கமும் மேலே தெரிய விழுந்தால் அம்மன் சரி சொன்னதாக அர்த்தம். ஊரில் பூப் போட்டுப் பார்ப்போமே, அதேதான். இரண்டு முறை அப்படி விழவில்லை. மூன்றாவது முறை விழுந்ததும் அவர் தோள் இறங்கியதைப் பார்த்தேன். கேமராவைத் தூக்க மனம் வரவில்லை.

பின்கட்டில் குவான் யின். முன்னால் தாவோ மரபின் கடலம்மா, பின்னால் பௌத்தத்தின் கருணைத்தாய். வருகிறவர்கள் இரண்டு பேருக்கும் ஊதுவத்தி ஏற்றிவிட்டுத்தான் போகிறார்கள். குவான் யின் வேறு யாருமல்ல, அவலோகிதர் என்ற போதிசத்துவரின் சீன உருவம். அகத்தியருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் அவலோகிதர் என்கிறது வீரசோழியம் என்ற பழைய தமிழ் இலக்கண நூல். அது நினைவுக்கு வந்ததும், தெரியாத வீட்டில் சொந்தக்காரரைப் பார்த்ததுபோல இருந்தது. கைகூப்பி, தமிழிலேயே வேண்டிக்கொண்டேன்.

வெளியே வந்தால், அதே தெருவில் கொஞ்ச தூரத்தில் நாகூர் தர்கா. 1828க்கும் 1830க்கும் இடையில், சோழமண்டலக் கரையிலிருந்து கடல் கடந்து வந்த சூலியா முஸ்லிம்கள் நாகூர் ஆண்டவர் நினைவாகக் கட்டியது. அவர்களும் இதே கரையில்தான் இறங்கியிருக்கிறார்கள். வெயில் ஏறிவிட்டது. அதன் வெள்ளை மினாராக்களை ஒரு படம் எடுத்துக்கொண்டு, நிழலில் சிறிது நேரம் நின்றேன்.