பலகையின் பின்புறம்

பிரஸ்ஸல்ஸில் ஓர் ஏலக்கூடத்தில் ஓவியங்களுக்கு விவரக் குறிப்பு எழுதும் வேலையில் சில ஆண்டுகள் இருந்தேன். யார் வரைந்தது, நீள அகலம் என்ன, கையெழுத்து எந்த மூலையில், வண்ணம் எங்கே உதிர்ந்திருக்கிறது, இவ்வளவுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டு பெல்ஜிய ஓவியர் யூஜீன் வெர்புக்ஹோவன் படம் மேசைக்கு வந்தால் எனக்குக் கொட்டாவி வரும். செம்மறி ஆடு, குட்டி, இரண்டு கோழி. மறுவாரமும் அதே பட்டி.

அப்படி வந்த ஒரு மரப்பலகை ஓவியத்தில் பெரிய மரங்கள், ஓடை, முன்னால் நான்கு ஆடுகள். இடது மூலையில் அவர் கையெழுத்து பளிச்சென்று இருந்தது. பத்தே நிமிடத்தில் குறிப்பை எழுதி அனுப்பிவிட்டேன். மறுநாள் மூத்த அலுவலர் என்னை அழைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார். வலப்பக்கப் பாறையில், பழுப்பேறிய வார்னிஷுக்கு அடியில், இன்னொரு பெயர்.

“ஆடு அவருடையது, சரி. மரம் யாருடையது?”

காது சூடாகிவிட்டது. நிலக்காட்சி ஓவியர்கள் பலர் தங்கள் படத்தில் ஆடுமாடுகளுக்கு இடம் விட்டு அவரிடம் கொடுப்பது அன்றைய வழக்கம். டி யோங், கூக்கூக் போன்ற பெயர் பெற்றவர்களின் படங்களிலும் அவர் கால்நடைகள் மேய்கின்றன.

பிறகு பலகையைத் திருப்பினார். பின்புறத்தில் ஒரு பழைய தாள்: இது என் அசல் ஓவியமே என்று வெர்புக்ஹோவன் தம் கைப்பட எழுதி, கையெழுத்திட்டு, சிவப்பு அரக்கில் முத்திரை வைத்திருந்தார். அவர் ஆடுகளுக்கு நல்ல விலை கிடைத்ததால் போலிகளும் பெருகியிருந்தன. உயிரோடு இருக்கும்போதே தமக்குத் தாமே சாட்சி சொல்ல வேண்டியிருந்த மனிதர்!

அன்றுதான் அந்த ஆடுகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மூக்கில் ஈரம், கழுத்து ரோமச் சுருளில் ஒரே ஒரு வைக்கோல் துரும்பு. 1798இல் பிரான்ஸ் எல்லையோர வார்நெட்டோனில் ஒரு சிற்பியின் மகனாகப் பிறந்தவர். தோலுக்கு அடியில் எலும்பு எங்கே இருக்கிறது என்று அந்தக் கைக்குத் தெரிந்திருக்கிறது. ஆனாலும் குளிப்பாட்டிச் சீவிவிட்ட ஆடுகள்தாம். சேறும் சாணமும் தெரிய மாடு வரைந்த அடுத்த தலைமுறை ஆல்ஃபிரெட் வெர்வேதான் இன்றும் எனக்கு நெருக்கம்.

1881இல் வெர்புக்ஹோவன் இறந்தார். பிரஸ்ஸல்ஸின் ஸ்கார்பேக் பகுதியில் அவர் பெயரில் ஒரு சதுக்கம் இருக்கிறது; நடுவில் ரயில் ஓடும் பள்ளம், சுற்றிலும் கம்பித் தடுப்பு. அதனால் ஊரார் அதைக் ‘கரடிக் கூண்டு’ என்றே சொல்கிறார்கள்.