வேலூரில் நின்றுபோன தேர்தலும் கணக்கில் வராத நன்கொடையும்

2019 ஏப்ரல் 18 அன்று குடியாத்தத்தில் எங்கள் வாக்குச்சாவடிக்குப் போனபோது, எனக்கு முன்னால் நின்றிருந்த மூதாட்டி அலுவலரிடம், "இன்னாப்பா, எம்.பி. ஓட்டு இல்லியா?" என்று கேட்டார். இல்லை என்றுதான் அவரும் சொல்ல வேண்டியிருந்தது. சட்டமன்ற இடைத்தேர்தலுக்கு வாக்களிக்க அழைக்கப்பட்டிருந்த நாங்கள், அதே நாளில் நடந்திருக்க வேண்டிய மக்களவைத் தேர்தலில் வாக்களிக்க முடியாதவர்களாக இருந்தோம். சுமார் 11 கோடி ரூபாய் ரொக்கம் பிடிபட்டதைத் தொடர்ந்து, ஏப்ரல் 16 அன்று, தேர்தல் ஆணையத்தின் பரிந்துரையின் பேரில் வேலூர் மக்களவைத் தேர்தல் அறிவிக்கையைக் குடியரசுத் தலைவர் ரத்து செய்திருந்தார். பணப் பட்டுவாடா புகாரால் ஒரு மக்களவைத் தொகுதியின் தேர்தல் ரத்தானது அதுவே முதல் முறை. ஆகஸ்ட் 5 அன்றுதான் வாக்களித்தோம்.

அந்த முடிவு தவறு என்று நான் சொல்லவில்லை. பணப் பட்டுவாடா புகாரால் சட்டமன்றத் தேர்தல் நின்றுபோன அரவக்குறிச்சியையும் தஞ்சாவூரையும் ஆர்.கே. நகரையும் பார்த்த பிறகு ஆணையம் கைகட்டி நின்றிருக்க முடியாது. ஆனாலும் அதன்பின் பல மாதங்கள் 'வேலூர்க்காரர்கள் ஓட்டுக்குக் காசு வாங்குகிறவர்கள்' என்ற பேச்சைக் கேட்டு மனம் புண்பட்டவன் என்ற முறையில், அதே வாரத்தில் நடந்த இன்னொன்றை நினைவூட்ட விரும்புகிறேன். எங்கள் தேர்தல் ரத்தாவதற்கு நான்கு நாள் முன்பு, ஏப்ரல் 12 அன்று, கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை தர வங்கியில் வாங்கப்பட்ட தேர்தல் பத்திரங்கள் வழியே வந்த பணத்தின் விவரங்களை மூடி முத்திரையிட்ட உறையில் ஆணையத்திடம் தருமாறு கட்சிகளுக்கு உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. வாக்காளருக்குப் போக இருந்த பணம் நாடெங்கும் தொலைக்காட்சியில் காட்டப்பட்டது. கட்சிகளுக்குப் போன பணமோ உறைக்குள் இருந்தது.

அந்த உறை எதை மறைத்தது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 7.5 விழுக்காட்டுக்கு மேல் ஒரு நிறுவனம் கட்சிகளுக்குக் கொடுக்கக் கூடாது, எந்தக் கட்சிக்கு எவ்வளவு என்பதைக் கணக்கில் காட்ட வேண்டும் என்றிருந்த இரண்டு கட்டுப்பாடுகளையும் 2017ஆம் ஆண்டு நிதிச் சட்டம் நீக்கிவிட்டது. அதனால் லாபமே ஈட்டாத நிறுவனமும், வெறும் பெயர்ப்பலகை மட்டுமே உள்ள நிறுவனமும், கோடிக்கணக்கில் கொடுக்க வழி பிறந்தது. பத்திரம் ஆயிரம் ரூபாய்க்கும் கிடைத்தது உண்மை. ஆனால் கொடுக்கப்பட்ட தொகையில் 94 விழுக்காட்டுக்கும் மேல் ஒரு கோடி ரூபாய்ப் பத்திரங்களாகவே இருந்தது என்பதைப் பின்னர் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பே சுட்டிக்காட்டுகிறது. சம்பளக்காரரும் நெசவாளியும் ஒரு கோடி ரூபாய்ப் பத்திரம் வாங்குவதில்லை. 2024 பிப்ரவரி 15 அன்று வந்த அந்தத் தீர்ப்பில் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக அத்திட்டத்தை ரத்து செய்து, நிறுவனங்களுக்கான உச்சவரம்பு நீக்கப்பட்டதும் செல்லாது என்றனர். நிறுவனப் பணம் ஜனநாயகத்தை விழுங்கிவிடக்கூடும் என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி சாக்ளா எச்சரித்தது 1957இல்.

இது டெல்லியின் விவகாரம், நமக்கென்ன என்று கேட்பவர்கள் பாலாற்றை எண்ணிப் பார்க்கட்டும். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் கெட்ட நீருக்கும் நிலத்துக்கும் மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. அதே மாசு குறித்து 2025 ஜனவரியிலும் அந்த நீதிமன்றமே மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. இந்தத் தாமதத்துக்குப் பின்னால் லஞ்சம் இருந்தது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை, அப்படிச் சொல்லவும் மாட்டேன். என் கேள்வி வேறு. ஒரு தொழிலைக் கண்காணிக்க வேண்டிய அரசு, அந்தத் தொழிலின் முதலாளிகளிடமிருந்து தன் கட்சிக்குப் பணம் பெற்றதா இல்லையா என்பதைக் கிணற்று நீர் கெட்டுப்போன விவசாயி தெரிந்துகொள்ள உரிமை உண்டா இல்லையா?

பத்திரங்கள் போய்விட்டன, ஆனால் ஓட்டைகள் அடைபடவில்லை. வேட்பாளரின் செலவுக்கு வரம்பு உண்டு, கட்சியின் செலவுக்குக் கிடையாது. நிறுவனங்களிடம் நன்கொடை திரட்டிக் கட்சிகளுக்குப் பிரித்துத் தரும் தேர்தல் அறக்கட்டளைகள் வழியே பணம் போகும்போது, எந்த நிறுவனத்தின் பணம் எந்தக் கட்சிக்குப் போனது என்பது கலந்துவிடுகிறது. ஆறு தேசியக் கட்சிகள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவை என்று மத்தியத் தகவல் ஆணையம் 2013 ஜூன் 3 அன்றே சொல்லியும், அவை அதை ஏற்று நடக்கவில்லை. சீர்திருத்தம் என்று ஒன்று வருமானால், நன்கொடை வந்த சில நாள்களுக்குள்ளேயே, வாக்குப்பதிவுக்கு முன்பே, கொடுத்தவர் பெயர் வெளிவர வேண்டும் என்பதே என் முதல் கோரிக்கை. மற்றவை அதற்குப் பிறகு.

2024 ஏப்ரலில் துண்டறிக்கையோடு வீட்டுக்கு வந்த எங்கள் தெருப் பையனிடம், அவன் கட்சிக்கு நன்கொடை கொடுத்தவர்கள் யார் என்று தெரியுமா எனக் கேட்டேன். கோபப்படுவான் என்று நினைத்தேன். "தெரியாதுண்ணா, எங்க பார்க்கணும்?" என்றான். தீர்ப்புக்குப் பின் தேர்தல் ஆணையம் வெளியிட்ட பத்திர நன்கொடைப் பட்டியலில் நான் அச்செடுத்து வைத்திருந்த பக்கங்களை எடுத்து வந்தேன். இருட்டும் வரை இருவரும் திண்ணையில் உட்கார்ந்து பெயர் பெயராகப் படித்தோம்.