முட்டி வலியும் உரக்குழியும்

வயதானால் ஒதுங்கி உட்கார வேண்டும் என்பதை நான் ஏற்பதில்லை. 2021 முதல் 2030 வரை ஆரோக்கியமான முதுமைக்கான பத்தாண்டு என்று ஐ.நா. அறிவித்திருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் முதுமை என்றாலே மருந்து மாத்திரைப் பேச்சு மட்டும் எனக்குப் போதவில்லை.

காலையில் முட்டி பிடித்துக்கொள்ளும். சரி, மெதுவாகவே குனிகிறேன். உரக்குழியில் காய்ந்த இலை கூடுதலாகவும் பச்சைக் கழிவு குறைவாகவும் போட்டால் நாற்றம் வராது. கிளறினால் கைக்குச் சூடு தட்டும். நுண்ணுயிர்கள் வேலை செய்யும் சூடு அது. அந்த உரத்தில் வளரும் கன்றுகளின் நிழல் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு. கிளறவும் அவர்களுக்கே பழக்குகிறேன்.

அப்புறம், தனியாக இருக்கும் ஒரு பெரியவருக்கு மாலையில் செய்தித்தாள் வாசிக்கிறேன். அவருக்குக் கண் மங்கல், எனக்குக் கால் வலி. அந்த நேரம் இருவருக்குமே வேண்டியிருக்கிறது.